சைவக் கும்பியும் மச்சக் கும்பியும்

புளோறன்ஸ் டீச்சர் ஒருநாளும் டீச்சராக இருந்தவர் அல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக வேலை செய்தவர். சோதனைக் குழாய்களைக் கழுவினார், அமிலப் போத்தல்களில் பெயர் ஒட்டினார், தவளை வேண்டுமென்றால் எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளவத்தைப் பெண்கள் முதல் நாள் "டீச்சர்" என்று கூப்பிட்டபோது திருத்தினார். இரண்டாம் நாளும் திருத்தினார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்.

"எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க. வாழைத்தோலோட பொலித்தீன் பையையும் சேத்துப் போடாம இருந்தா போதும்."

தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களால் வெள்ளவத்தை பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் மூன்று குடும்பம். ஒவ்வொரு தலைக்கும் பொலிஸ் பதிவு. பாதிப்பேர் விசாவுக்குக் காத்திருந்தார்கள், மீதிப்பேர் ஊருக்குப் போகும் பாதை திறக்கக் காத்திருந்தார்கள். காத்திருக்கிற பெண்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று அந்தக் குறுந்தெரு ஒழுங்கையின் மாதர் சங்கம் தையல் வகுப்பு வைத்தது, கேக் வகுப்பு வைத்தது. மூன்றாவதாக வந்தது, குப்பையைக் கும்பியாகக் குவித்து உக்கவைத்து உரமண் ஆக்கும் புளோறன்ஸின் குப்பை வகுப்பு. கேக் வகுப்பை விட அதற்குத்தான் கூட்டம் அதிகம். ஊரில் வெங்காயமும் மிளகாயும் போட்ட கைகள் அல்லவா? வெள்ளவத்தையில் அந்தக் கைகளுக்குக் கிடைத்ததெல்லாம் கடற்கரை மணல்தான். ஊற்றிய தண்ணீர் நிற்காத மணல்.

புளோறன்ஸ் இந்த வித்தையைக் கற்றது களனியில். ஆற்றங்கரையோரம் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி. முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. இவர் தமிழில் குறிப்பெடுத்தார். முடியும்போது ஆளுக்கு ஒரு பிடி மண்புழு கொடுத்தார்கள். அதை ஒரு மைலோ டின்னில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள்.

"மேக்கே மொனவாத, நோனா?" என்று டின்னைத் தட்டினான் இளம் சிப்பாய் ஒருவன். உள்ளே என்ன என்கிறான்.

"கெடவில், மல்லி."

மண்புழு, தம்பி என்றதும் மூடியைத் திறந்து பார்த்தான். பஸ்ஸில் வந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அவன் முகமோ மலர்ந்துபோனது. அவனுடைய அப்பா அநுராதபுரத்தில் மிளகாய்த் தோட்டக்காரராம். மூடியில் துளை போடாவிட்டால் வீடு போகுமுன் எல்லாம் செத்துப்போகும் என்று சொல்லி, தானே ஒரு கம்பியால் நாலு துளை போட்டுக்கொடுத்தான்.

அந்தப் புழுக்களின் பிள்ளை பேரப்பிள்ளைகள்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து 155ஆம் இலக்க பஸ்ஸேறி வெள்ளவத்தைக்கு வந்தன. வகுப்பு செவ்வாயும் சனியும். இடம், கனகேஸ்வரியின் மைத்துனருடைய வெறும் வளவு. கனகேஸ்வரி இணுவிலில் சங்கீதம் படிப்பித்தவர். குரலும் கூடுதல், கோபமும் கூடுதல். மைத்துனர் லண்டனில் இருந்தார். தை பிறந்ததும் அந்த வளவில் மாடிக் கட்டடம் எழும்பப்போகிறது என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். பொங்கலோடு வகுப்புக்கு இடமில்லை. புளோறன்ஸுக்கு அது பெரிய யோசனை.

இடமில்லாத யோசனைக்கு தெரியாமலே வழி காட்டியவர் வெள்ளையம்மா. ஒழுங்கை முனையில் இருந்த பிள்ளையார் கோயிலைக் கூட்டித் துப்பரவாக்குகிறவர், பதுளைப் பக்கத்து மனுஷி.

"டீச்சரம்மா, பூசைப் பூவெல்லாம் நான்தாங்க வெடியக்காலையில கடல்ல கொண்டு போட்டுட்டு வருவேன். இப்ப றெயில் பாதையில காவல் போட்டுட்டானுக. சாக்கோட போனா கடலுக்கு வுட மாட்டேங்குறானுக. கோயிலுக்குப் பின்னால பதினேழு சாக்கு கெடக்குதுங்க. மிதிபடவும் கூடாது, குப்பை லொறியில போடவும் கூடாதுங்கிறாரு செக்கட்டரி அய்யா. நான் என்னா பண்ணட்டும்?"

பதினேழு சாக்குப் பூ! புளோறன்ஸுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. செவ்வந்தி, அறுகு, வில்வம், வாழைத்தண்டு. ஒரு துண்டு பிளாஸ்ரிக் இல்லாத தங்கக் குப்பை.

அடுத்த நாளே கோயில் சபைச் செயலாளர் நமசிவாயத்தைப் போய்ப் பார்த்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். எதையும் தபால் பிரிப்பதுபோல இது இங்கே, அது அங்கே என்று பிரித்துப் பேசுவார்.

"பூவைத் தாறன் டீச்சர். ஆனா சுவாமிக்குச் சாத்தின பூ. எச்சில் படப்படாது, மச்சம் படப்படாது. உங்கடை கும்பிக்குள்ளை மீனும் கிடக்குதாம் எண்டு கேள்விப்பட்டன்."

"கிடக்குது, ஐயா. பூவுக்கு வேறயா ஒரு கும்பி கட்டுறேன்."

"நல்லது. பொங்கலுக்கு நந்தவனம் புதுசாக் கொத்தப்போறம். அதுக்குப் போட நல்ல மண் காட்டுங்கோ. காட்டினா, கோயிலுக்குப் பின்னாலை கிடக்கிற நிலத்தை உங்கடை வகுப்புக்கு விடச் சொல்லிச் சபையிலை நான் கதைக்கிறன்."

அப்படித்தான் ஒரே வளவில் இரண்டு கும்பி வந்தது. பழைய செங்கல்லை அடுக்கி இடுப்பளவு உயரத்தில் இரண்டு தொட்டி, நடுவில் பத்தடி இடைவெளி. ஒன்றுக்குள் கோயில் பூவும் காய்ந்த இலையும் தேங்காய்த் தும்புத் தூளும். மற்றதற்குள் வீட்டுக் குப்பையும், சந்தையில் மீன் விற்கும் நிலாம் ஒருநாள் விட்டு ஒருநாள் பேசினில் கொண்டுவந்து கவிழ்க்கும் மீன் குடலும் தலையும். கனகேஸ்வரி இரண்டு பலகை எழுதி நட்டார். ஒன்றில் சைவம், மற்றதில் மச்சம்.

"கும்பியளுக்கும் பொலிஸிலை பதிஞ்சுபோடுங்கோ, டீச்சர். பிறகு ஆர் எவரெண்டு கேள்வி வரும்," என்றாள் ஒருத்தி.

வகுப்பில் கைச்செயல்தான் கூட. இரும்புக் கம்பியைக் கும்பியின் நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு இழுக்க வேண்டும். பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே வேலை நடக்கிறது. காலி வீதிச் சாவடியில் சாக்குகளைக் குத்திப் பார்க்கும் கம்பியும் அதே அளவுதான். "ஆமிக்காரரும் உங்களிட்டைப் படிச்சவையோ டீச்சர்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஒக்டோபர் கடைசியில் சைவக் கும்பி கொதித்துக்கொண்டிருந்தது. புளோறன்ஸ் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். பொங்கலுக்கு மண் தயார் என்று நம்பினார். அப்போதுதான் கந்தசஷ்டி வந்தது.

ஆறு நாள் விரதம். ஒழுங்கையில் பாதி வீட்டில் ஒருநேரச் சாப்பாடு, கனகேஸ்வரி பாலும் பழமும் மட்டும். அதே கிழமை நகரம் எங்கும் சுற்றிவளைப்பு என்று, துறைமுகத்தில் வேலை செய்யும் புளோறன்ஸின் கணவர் றேமண்ட், மனைவியை வீட்டுக்கு வெளியே விடவில்லை. ஆகவே விரதக்காரப் பெண்கள் தாங்களே ஒரு முடிவு எடுத்தார்கள். கோயிலுக்குப் போகிற வழியில் மீன் கும்பி கண்ணில் படக்கூடாது. அதன்மேல் ஒரு பச்சைப் படங்கை இழுத்து மூடி, படங்கின்மேல் வாழை இலையை அடுக்கி, மச்சம் என்ற சொல்லும் கண்ணில் படக்கூடாதென்று அந்தப் பலகையையும் பிடுங்கி, சுவரோடு கவிழ்த்து வைத்தார்கள். எவ்வளவு பக்தி!

நிலாமுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் புளோறன்ஸ் வந்து வளவுக் கதவைத் திறந்தார். மதில்மேல் ஐந்து பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஐந்தும் சைவக் கும்பியைப் பார்த்துக்கொண்டிருந்தன. மண்வெட்டியால் ஒரு தரம் புரட்டினார். செவ்வந்தி மாலைக்குள்ளிருந்து ஓர் அறக்குளா மீன் தலை அவரைப் பார்த்தது.

சந்தைக்குப் போய் நிலாமைக் கூட்டிவந்தார்கள். அந்த மனிதர் கும்பியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார்.

"மூணு பேசின் போட்டேன், டீச்சர். கும்பி ஒண்ணுதானே ஈக்கி?"

"சைவம் எண்டு பலகை கிடக்குது. வாசிக்கத் தெரியாதே?" என்று கனகேஸ்வரி பாய்ந்தார்.

"வாசிச்சேன் தாத்தா. விரத நாள்தானே, லேன்ல எல்லாரும் சைவம்னு போர்ட் போட்டீக்கிறாங்கன்னு நெனச்சேன். விரதம் உங்களுக்குத்தானே. கும்பிக்கு என்ன விரதம்?"

அக்கா என்பதை நிலாம் வீட்டில் தாத்தா என்றுதான் சொல்வார்கள். கனகேஸ்வரிக்கு மீனோடு சேர்த்து அதுவும் கோபம்.

நிலாம் போனதும் கனகேஸ்வரி குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், மீனை ஆழமாத் தாட்டுவிடுவம். பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாதத்துக்குமேலை கிடக்குது. எல்லாம் உக்கிப்போம். நமசிவாயம் அண்ணைக்கு ஆர் சொல்லப்போகினம்?"

"பூனை சொல்லும்."

"பகிடி விடாதையுங்கோ. சொன்னால் பூவும் இல்லை, நிலமும் இல்லை."

அது புளோறன்ஸுக்கும் தெரியும். முகம் கழுவினார், சேலையைச் சரிசெய்தார், நேரே கோயிலுக்குப் போனார். கர்த்தரே, அந்த மனுஷனுக்குப் பொறுமையைக் குடும் என்று வழியெல்லாம் செபம் சொன்னார். பிள்ளையார் கோயில் வாசலில் நின்று அந்தோனியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

நமசிவாயம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "சுவாமியின்ரை பூவிலை... அறக்குளாத் தலை?"

"மூணு நாலு தலை இருக்கும், ஐயா."

அவர் எழுந்து குருக்களிடம் போனார். குருக்கள் சாம்பிராணிக் கரண்டியைக் கையில் வைத்தபடியே முழுக் கதையையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"எல்லாத்தையும் கடைசியிலை பூமாதேவிதானே வாங்கிறா. மண்ணாப் போனது மண். அதிலை தோஷம் இல்லை. மண்ணாகாமல் ஒரு துண்டு கிடந்தாலும் அது மச்சம், கோயிலுக்குள்ளை வரப்படாது. எப்ப மண்ணாகும் எண்டு என்னைக் கேட்காதையுங்கோ. அது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்."

வீட்டில் இதைச் சொன்னதும் றேமண்ட் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "இருபத்திரண்டு வருசம் போத்தல் கழுவின. இப்ப ஐயரே உங்கிட்ட தீர்ப்பு கேக்கிறார். பாதருக்குச் சொல்லாத, பொறாமப்படுவார்."

அதன் பிறகு இரண்டு மாதம் அந்தக் கும்பிக்குக் கிடைத்த கவனிப்பு எந்த நோயாளிக்கும் கிடைத்திராது. மூன்று நாளுக்கு ஒருதரம் புரட்டல். மணம் வந்தால் தும்புத் தூள். காய்ந்தால் தண்ணீர், மழை வந்தால் படங்கு. பெண்கள் முறை வைத்து வந்தார்கள். ஒருத்திக்குக் கனடா விசா கிடைத்தது. விமான நிலையத்துக்குப் போகிற நாள் காலையில் வந்து, போட்டிருந்த புதுச் சப்பாத்தோடு ஒருமுறை புரட்டிவிட்டுப் போனாள்.

மார்கழி பிறந்தபோது பூ இல்லை, தலை இல்லை, பூனைகளும் இல்லை. கும்பி பாதியாகத் தாழ்ந்து, கறுத்து, அள்ளினால் மழை விட்ட பிறகு வருகிற மணம் வந்தது. கனகேஸ்வரி ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "எங்கடை தோட்டம் மாதிரிக் கிடக்குது" என்றார். பிறகு மூக்கில் மண்ணோடு எல்லோரையும் பார்த்து, "என்ன பார்க்கிறியள்?" என்று சத்தம் போட்டார்.

புளோறன்ஸுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "சதை போயிடும், செதிலும் போயிடும். அறக்குளா நடுமுள் பெரிசு. அதுதான் எனக்கு நிச்சயமில்ல."

"அப்ப நமசிவாயம் அண்ணை மண் பாக்க வாறதுக்கு முதல்நாளே அரிச்சுப் பொறுக்கிப்போட்டு வைச்சால்?" என்றார் கனகேஸ்வரி.

"அது சோதனைக்கு முதல்நாள் பேப்பர் பாக்கிற மாதிரி. இருபத்திரண்டு வருசம் பேப்பர் பூட்டிவச்ச அலுமாரித் திறப்பு என்கிட்டதான் இருந்திச்சு, கனகேஸ். ஒருநாளும் திறக்கல்ல."

இரண்டு நாள் கனகேஸ்வரி அவரோடு கதைக்கவில்லை.

திருவெம்பாவைப் பூசை நடந்த ஒரு சனிக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு நமசிவாயம் வந்தார். கூடவே சபையில் இன்னும் இரண்டு பேர். அவர்களுக்கு நாற்காலி போட்டார்கள், தேத்தண்ணி வந்தது. மேசன்மார் மண் அரிக்கும் வலையைச் சாய்த்து வைத்து, புளோறன்ஸ் முதல் மண்வெட்டி அள்ளிப் போட்டார். கறுப்பு மண் மாவாக இறங்கியது. வலையில் தங்கியது ஒரு மாங்கொட்டையும் நாலு சுள்ளியும்.

இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. ஒன்றும் இல்லை. வெள்ளையம்மா, "புள்ளையாரப்பா" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார்.

நாற்காலியில் இருந்த நமசிவாயத்துக்குக் கை துருதுருத்தது. முப்பது வருடம் கடிதம் பிரித்த விரல்கள். "அப்படிக் கொட்டினால் தெரியாது, டீச்சர். இஞ்சை விடுங்கோ." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலைக்குப் பக்கத்தில் குந்தினார். மிச்சத்தைக் கையால் பரப்பி, இது கல், இது கொட்டை, இது சிரட்டை என்று மின்னல் வேகத்தில் பிரித்தார். அரைமணி நேரத்தில் நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து, முழங்கை வரைக்கும் கறுப்பாகிவிட்டது. சபைக்காரர் இருவரும் நாற்காலியை விட்டு எழுந்து அவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தா!" என்று கத்தினார் நமசிவாயம். தொலைந்த மோதிரத்தைக் கண்டெடுத்தவர்போல ஒரு கையை உயர்த்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "பிடிச்சிட்டன்!"

விரல் நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மீன் எலும்பு.

அவருடைய சிரிப்பு மெதுவாக இறங்கியது. தான் கண்டுபிடித்தது என்ன என்று அவருக்கும் இப்போதுதான் உறைத்தது. எலும்பைப் பார்த்தார், புளோறன்ஸைப் பார்த்தார்.

புளோறன்ஸ் அதை வாங்கி, இரண்டு விரலுக்குள் வைத்து அமத்தினார். உடையவில்லை.

"இன்னும் மண்ணாகல்ல, ஐயா," என்று அதைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

"அப்ப இது கோயிலுக்கு வராது."

"வராது."

கனகேஸ்வரி தலையில் கையை வைத்துக்கொண்டு செங்கல்லில் இருந்துவிட்டார். சபைக்காரரில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அப்ப நிலக் கதையும் முடிஞ்சுது, என்ன?"

நமசிவாயம் எழுந்து கையைத் தட்டினார். அவர் மனதில் ஏதோ பிரிபட்டுக்கொண்டிருந்தது. "பொறுங்கோ. பிழை எங்கை நடந்தது? கும்பியிலையோ, இடத்திலையோ?"

"என்ன கேக்கிறீங்கள், அண்ணை?" என்றார் அந்தச் சபைக்காரர்.

"டீச்சரின்ரை வேலையிலை பிழை இல்லை. மண் எப்படிக் கிடக்குதெண்டு நீங்களும் பாத்தனீங்கள்தானே? மீன் விழுந்தது, மீன் வாற வளவிலை கும்பி இருந்தபடியால். இந்த ஒழுங்கையிலை மீன் வரவே வராத நிலம் எது? ஒண்டே ஒண்டுதான். கோயிலுக்குப் பின்னாலை." சபைக்காரர் பக்கம் திரும்பினார். "பூவை வெளியிலை விட்டால் இன்னொருக்கா இதுதான் நடக்கும். கும்பி உள்ளுக்கை வரவேணும். வகுப்பும் வரவேணும். பொங்கலுக்கு வேண்டாம். சிவராத்திரிக்கு மண் காட்டட்டும்."

மற்றவர் வாயைத் திறந்தார். "பின்னாலை தேங்கின பூச்சாக்கு இப்ப இருபத்துமூண்டு," என்றார் நமசிவாயம். திறந்த வாய் மூடிக்கொண்டது.

கனகேஸ்வரி செங்கல்லை விட்டு எழுந்த வேகத்தில் தேத்தண்ணிக் கோப்பை ஒன்று உருண்டது. வெள்ளையம்மா புளோறன்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். புளோறன்ஸுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. "நாளைக்கே செங்கல்லத் தூக்குவோம்," என்று மட்டும் சொன்னார். பக்கத்து மாடியிலிருந்து, "டீச்சருக்கு நிலம் கிடைச்சிட்டுது!" என்று யாரோ கீழே தெருவுக்குக் கத்தினார்கள்.

"அது சரி, இந்தக் கும்பியை என்ன செய்யிறது?" என்று கேட்டாள் ஒருத்தி.

கேட்டு முடியவில்லை, வளவில் ஆளில்லை. எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். வாளியோடும் பேசினோடும் திரும்பி வந்தார்கள். மீன் உக்கின மண்ணுக்குத் தக்காளி எப்படிக் காய்க்கும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியாதா? ஒரு நாற்பது நிமிடத்தில், மாடிப்படிகள் எல்லாம் கறுப்பு மண் சிந்த, கும்பி நாலாம் மாடி, மூன்றாம் மாடி என்று ஏறிப்போய்விட்டது. சந்தையிலிருந்து விசாரிக்க வந்த நிலாமும் தன் மீன் பேசினைக் கழுவி அதில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டார். கனகேஸ்வரி தன் கையாலேயே அள்ளிக்கொடுத்தார், கொஞ்சம் கூடுதலாகவே.

சபைக்காரர் இருவரும் போன பிறகும் நமசிவாயம் போகவில்லை. வேட்டியை இறக்கிவிட்டார், கண்ணாடியைத் துடைத்தார், காலியான தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க ஐயா."

"அடியிலை கொஞ்சம் கிடக்குது போல."

"ஒரு வாளி வரும்."

"வீட்டிலை கறிவேப்பிலை ஒண்டு வளருதில்லை." அவர் ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீடு வேறை, கோயில் வேறைதானே? வீட்டிலை நாங்கள் செவ்வாய் வெள்ளியிலைதான் சைவம்."

புளோறன்ஸ் அடிமண்ணை வழித்து வாளியை நிரப்பினார். நமசிவாயம் குனிந்து தூக்கினார். தொட்டி விளிம்பில் கிடந்த அந்த எலும்பை எடுத்து வாளிக்குள் போட்டு, மேலால் கொஞ்சம் மண்ணை இழுத்து மூடிவிட்டு, நேராக நிமிர்ந்து நடந்தார்.